வீட்டுக் கடனில் கொள்ளையைத் தடுத்தால் கடனே கிடைக்காமல் போய்விடுமா?

ரிசர்வ் வங்கி புதுசாக எந்த விதி போட்டாலும் கடன் கொடுக்கிறவர்கள் தரப்பிலிருந்து முதலில் வரும் பதில் ஒன்றுதான்: இப்படி நெருக்கினால் சாதாரண ஆட்களுக்குக் கடன் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். இந்தப் பக்கம், வீட்டுக் கடனில் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேட்டால், இன்னும் நாலு சட்டம் போட்டு இவர்களை இறுக்க வேண்டும் என்பார்கள். சென்னையில் வீடு வாங்க அலைந்த யாருக்கும் இரண்டு பேச்சும் பழக்கம். சட்டம் கடுமையா இளக்கமா என்பதை வைத்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். கடனின் எந்த இடத்தைச் சட்டம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டி விகிதத்தைப் பிடிக்கலாம், கட்டணங்களைப் பிடிக்கலாம், கடனை விட்டு வெளியே போகும் வழியைப் பிடிக்கலாம், தப்பு நடந்தால் கடைசியில் யார் தலையில் விழும் என்பதைப் பிடிக்கலாம். இந்த நாலுக்கும் சந்தை நாலு விதமாக நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் எதைக் கொள்ளை என்கிறோம்? வட்டி அதிகம் என்பது மட்டும் போதாது. சம்பள ரசீது காட்ட முடியாதவர், சிபில் மதிப்பெண் குறைந்தவர், இவர்களிடம் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கினால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது, பணம் திரும்பாமல் போகும் ஆபத்துக்கான விலை அது. ஆளைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்த்துக் கொடுக்கும் கடன் வேறு ரகம்: இவரால் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தே, கட்டாவிட்டால் சொத்து வரும் என்ற நினைப்பில் கொடுப்பது. அப்புறம், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழைய கடனை மூடிப் புதுக் கடனாக்கி ஒவ்வொரு தடவையும் கட்டணம் கறப்பது, கேட்காத காப்பீட்டைக் கடனோடு சேர்த்துக் கட்டுவது, வேறு இடத்துக்குப் போகப் பார்த்தால் அபராதம் போட்டு மறிப்பது. அமெரிக்காவில் 1990களில் இதெல்லாம் பெரிய அளவில் நடந்தது. நம்ம ஊரிலும் இதன் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் உண்டு.

சட்டத்தை முதலில் பெரிதாகச் சோதித்துப் பார்த்த ஊர் அமெரிக்கா என்பதால் அந்தக் கதை கொஞ்சம் தெரிந்தால் நல்லது. 1994இல் அங்கே மத்திய அரசு ஹோபா என்ற சட்டம் கொண்டுவந்தது. ஒரு வீட்டுக் கடனின் ஆண்டுச் செலவு விகிதம் (வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துப் போடும் கணக்கு) அரசுக் கடன் பத்திர வட்டியைவிட 10 சதவீதப் புள்ளிக்கு மேல் போனாலோ, கட்டணங்கள் கடன் தொகையில் 8 சதவீதத்தைத் தாண்டினாலோ அது உயர்செலவுக் கடன், அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள். கோடு எங்கே என்று தெரிந்ததும் எல்லாரும் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்று கடன் கொடுத்தார்கள். சட்டத்துக்குள் வந்தது சந்தையின் ரொம்பச் சின்னப் பகுதிதான். வீடு வாங்குவதற்கான கடன் அதில் சேராது என்பது இன்னொரு ஓட்டை.

1999இல் வட கரோலினா மாநிலம் தானே ஒரு சட்டம் போட்டது. கட்டண வரம்பை 5 சதவீதமாக்கியது, 1,50,000 டாலர் வரையிலான வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்றது, முழுப் பிரீமியத்தையும் ஒரே தடவையில் வாங்கும் காப்பீட்டைக் கடனோடு சேர்ப்பதைத் தடுத்தது, வாங்குகிறவருக்கு உருப்படியான லாபம் இல்லாமல் கடனைப் புரட்டிப் புரட்டிப் போடுவதையும் தடுத்தது. உடனே சண்டை. கடன் குறைந்துவிட்டது, ஏழைகள்தான் பாதிக்கப்பட்டார்கள் என்று ஒரு ஆய்வு. கடன் குறைந்தது உண்மை, ஆனால் குறைந்தது பெரும்பாலும் பழைய கடனைப் புதுப்பிக்கும் ரகம், அதிலும் மோசமான நிபந்தனை உள்ளவை, வீடு வாங்கும் கடன் குறையவில்லை என்று அதே மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பதில் ஆய்வு. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்தப் பாதையில் போயின. மாநில எல்லையின் இருபுறமும் உள்ள மாவட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்த 2006ஆம் வருஷ ஆய்வு ஒன்று இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. சராசரியான ஒரு சட்டம் கடன் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றவில்லை, கடன் மறுக்கப்படுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் சட்டத்தின் வீச்சும் தடைகளின் எண்ணிக்கையும் மாறினால் விளைவு பலமாக மாறும் என்றது. அதாவது 'சட்டம் வந்தால்' என்று பொதுவாக ஆரம்பிக்கும் வாக்கியமே பிரயோஜனம் இல்லாதது. எந்தச் சட்டம் என்று கேட்க வேண்டும்.

அதற்கு நல்ல சாட்சி ஜார்ஜியா. அங்கே 2002 அக்டோபரில் ஒரு கடுமையான சட்டம் அமலுக்கு வந்தது. மற்ற மாநிலங்களைவிட வேறுபட்ட இடம் ஒன்று: கடன் கொடுத்தவர் செய்த தப்புக்கு, அந்தக் கடனைப் பின்னால் விலைக்கு வாங்கியவரும் பொறுப்பு, அந்தப் பொறுப்புக்கு உச்ச வரம்பு கிடையாது. இது ஏன் வெடிகுண்டு என்றால், அமெரிக்காவில் கடன் கொடுத்த நிறுவனம் பெரும்பாலும் அந்தக் கடனைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான கடன்களை மூட்டையாகக் கட்டி, தரநிர்ணய நிறுவனத்திடம் ஒரு மதிப்பீடு வாங்கி, முதலீட்டாளர்களுக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த கடன் கொடுக்கும். மூட்டைக்குள் ஒரே ஒரு கெட்ட கடன் இருந்தால் எவ்வளவு நஷ்டஈடு கொடுக்க நேரும் என்று கணக்குப் போடவே முடியாவிட்டால் யார் மதிப்பீடு தருவார்கள்? 2003 ஜனவரியில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற தரநிர்ணய நிறுவனம், இந்தச் சட்டத்துக்குள் வரும் கடன்கள் இருக்கும் மூட்டைகளுக்கு மதிப்பீடு தரமாட்டோம் என்று அறிவித்தது. கடன் நிறுவனங்கள் மாநிலத்தை விட்டு ஒதுங்க ஆரம்பித்தன. மார்ச் மாதமே சட்டசபை திருத்தம் போட்டு, வாங்கியவரின் பொறுப்புக்கு எல்லை கட்டியது. சந்தை திரும்பி வந்தது.

இந்தக் கதையைக் கடன் கொடுக்கிறவர்கள் தரப்பு எப்போதும் பாதியில் நிறுத்திவிடும், பார்த்தீர்களா சட்டம் போட்டால் இதுதான் என்று. மிச்சப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவில் சந்தையை நிறுத்தியது வரம்பில்லாத பொறுப்பு. அது போனதும் மற்றத் தடைகள் பலதும் இருக்கும்போதே கடன் ஓடியது. 2004 ஜனவரியில் அமெரிக்க வங்கிகளின் மத்தியக் கண்காணிப்பு அமைப்பு, மத்திய அரசு உரிமம் பெற்ற தேசிய வங்கிகளுக்கு மாநிலங்களின் இந்தச் சட்டங்கள் பொருந்தாது என்று விதி போட்டது. அடுத்த மூணு நாலு வருஷத்தில் அங்கே வீட்டுக் கடன் சந்தையே சரிந்தது உலகத்துக்கே தெரியும். 2010இல் டாட்-ஃப்ராங்க் சட்டம் வந்து, கடன் கொடுப்பதற்கு முன் திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம் என்றது, 2014 ஜனவரியில் அது அமலானது. வருமானத்தில் 43 சதவீதத்துக்கு மேல் கடன் தவணைகளுக்குப் போனால் அந்தக் கடனைக் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது என்று அப்போது கோடு போட்டிருந்தார்கள். அரசு ஆதரவு நிறுவனங்கள் வாங்கும் கடன்களுக்கு விலக்கு இருந்ததால் பெரும்பாலானவர்கள் மாற்றத்தை உணரவே இல்லை. விலக்கு இல்லாத பெரிய தொகைக் கடன்களில் மட்டும், அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்குக் கடன் நன்றாகவே குறைந்தது. கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வெளியேதான் நிற்பார், அதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் கொள்ளைக் கடன் தடுப்பு என்ற பெயரில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள்தான் அந்த வேலையைத் துண்டு துண்டாகச் செய்கின்றன. அதில் சந்தையை நிஜமாகவே புரட்டியது முன்கூட்டி அடைக்கும் கட்டணத்துக்கு வந்த தடை. முன்பெல்லாம் கடனை வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமென்றால் பாக்கி அசலில் 2 சதவீதம் கேட்பது சர்வ சாதாரணம். 20 லட்சம் பாக்கி என்றால் 40,000 ரூபாய் வைத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட முடியும். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு வட்டி, புதுசாக வருகிறவருக்கு ஒரு வட்டி என்று வங்கிகள் தைரியமாக நடத்தியதே இந்த வாசற்படிக் கட்டணத்தை நம்பித்தான். 2011 அக்டோபரில், வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களை (வங்கி அல்லாமல் வீட்டுக் கடனுக்கென்றே இருப்பவை) அப்போது மேற்பார்த்த தேசிய வீட்டுவசதி வங்கி, அவற்றுக்கு மாறும் வட்டிக் கடன்களில் இந்தக் கட்டணத்தைத் தடுத்தது, 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் தடுத்தது.

கடன் வறண்டுபோகும் என்றார்கள். நடந்தது நேர் எதிர். கடனை மாற்றிக்கொள்வது ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்தது. இன்றைக்கு உங்கள் கடன் ஒரு வருஷம் ஒழுங்காக ஓடினால் போதும், "சார், அரை பர்சன்ட் கம்மி பண்ணித் தர்றோம், மேல டாப்-அப்பும் தர்றோம்" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அந்த போன்கள் எரிச்சலாக இருந்தாலும், உங்கள் பழைய வங்கி வட்டியைக் குறைக்கக் காரணமே அந்தத் தொல்லைதான். மாறப்போகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால், சின்னதாக ஒரு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வட்டியை இறக்கிக் கொடுக்கிறார்கள். வட்டிக்கு உச்ச வரம்பு வைத்துச் சாதிக்க முடியாததை, கதவைத் திறந்து வைத்தே சாதித்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறோம். நிலையான வட்டிக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதற்கு இந்தத் தடை கிடையாது. இருபது வருஷத்துக்கு ஒரே வட்டி என்று வாக்குக் கொடுத்தவர், வட்டி இறங்கியதும் வாடிக்கையாளர் இலவசமாக நழுவலாம் என்றால் அந்த நஷ்டத்தை முதல் நாளே வட்டியில் ஏற்றிவிடுவார், அதனால் விலக்கு கொடுத்ததில் நியாயம் உண்டு. இருந்தும் இங்கே முழுக்காலத்துக்கும் நிலையான வட்டி கிடைப்பது குதிரைக் கொம்பு, வங்கிகளின் டெபாசிட் எல்லாம் குறுகிய காலத்தது என்பதே முக்கியக் காரணம், இதில் சட்டத்தை முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. விளைவு, வட்டி ஏறினால் அந்த ஆபத்து அப்படியே கடன் வாங்கினவர் தலையில்.

அது எப்படி விழுந்தது என்பதை 2022இல் பார்த்தோம். ஒருவர் 2021 கடைசியில் 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியிருக்கிறார், 20 வருஷம், தவணை 23,259 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. அவருடைய வட்டியும் கூடவே 9.5 ஆனது. பாக்கி அசல் 29.5 லட்சம் அளவில் நிற்கிறது. அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 23,354. தவணையோ 23,259. முழுத் தவணையும் கட்டி, அசலில் ஒரு பைசா குறையாமல், மாதம் 95 ரூபாய் கடன் கூடுகிறது. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் இந்தக் கடன் எந்தக் காலத்திலும் முடியாது. ஆனால் கடன் வாங்கினவருக்கு மாதாமாதம் அதே தொகைதான் கணக்கிலிருந்து போகிறது, எதுவும் மாறினதாகத் தெரியவே தெரியாது. காலம் நீண்டதை ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் பலபேர் கண்டுபிடித்தார்கள், பையன் காலேஜ் முடிக்கும் வருஷத்தில் முடிய வேண்டிய கடன் தன் ஓய்வு வயதையும் தாண்டி நிற்கிறது என்று.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பிடித்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், நீட்டிய காலத்தால் அசல் வளரும் நிலை வரக்கூடாது, கடனின் ஆரம்பத்திலேயே வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். இதனால் யாருக்கும் கடன் குறைந்ததாகத் தெரியவில்லை. தகவலையும் தேர்வையும் பிடிக்கும் விதிகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு, கொடுக்கிறவருக்குச் செலவு கம்மி.

மாறும் வட்டி எதை ஒட்டி மாற வேண்டும் என்பதும் பெரிய கதை. 2010இல் பேஸ் ரேட், 2016இல் எம்சிஎல்ஆர் என்று, வங்கிகள் தங்கள் செலவைக் கணக்கிட்டுத் தாங்களே போடும் அளவுகோல்களை ரிசர்வ் வங்கி முயன்று பார்த்தது, வங்கிகள் ஏற்றும்போது லிஃப்டிலும் இறக்கும்போது மாடிப்படியிலும் போய்க்கொண்டிருந்தன. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புது வீட்டுக் கடன்கள் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற வேண்டும் என்று வந்தது. ஏற்கெனவே வாங்கினவரின் ஸ்ப்ரெட்டை, அதாவது அளவுகோலுக்கு மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் சதவீதத்தை, இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஆனால் புதுசாக வருகிறவருக்கு எவ்வளவு ஸ்ப்ரெட் என்பது வங்கியின் விருப்பம், அங்கே கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் இங்கே போனது வந்துவிடும். முக்கியமான ஓட்டை வேறு: இந்த விதி வங்கிகளுக்குத்தான், வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களுக்குக் கிடையாது. அவற்றின் மேற்பார்வை 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கிக்கு மாறிவிட்டது, இருந்தும் வட்டியை அவை தாங்களே வகுத்த அளவுகோலில்தான் ஓட்டுகின்றன. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியபோது வங்கிக் கடன்காரருக்குத் தானாக வந்த குறைப்பு, நிறுவனக் கடன்காரருக்குத் தானாக வரவேண்டிய கட்டாயம் இல்லை. யார் இந்த நிறுவனங்களுக்குப் போகிறார்கள்? திருநின்றவூரிலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டும் கடைக்காரர், டிரைவர், வங்கி மேலாளர் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள். பாதுகாப்பு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குக் கம்மி.

கட்டணங்களுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்க ஒரு நிறுவனத்தில் 30 லட்சம் கடன் கேட்டார்கள். சாங்ஷன் கடிதத்தில் 31.2 லட்சம் என்று இருந்தது. கேட்டால், "மேடம், அது லோன் இன்ஷூரன்ஸ், கம்பல்சரி மேடம், உங்க சேஃப்டிக்குத்தான், கையிலேர்ந்து ஒண்ணும் கட்ட வேண்டாம், லோன்லயே சேர்ந்துடும்." கையிலிருந்து கட்ட வேண்டாம் என்பதுதான் விஷமே. 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு அந்த 1.2 லட்சத்துக்கு மாதம் சுமார் 1,041 ரூபாய், முடிவில் இரண்டரை லட்சம். வட கரோலினா 1999இல் தடுத்ததும் அச்சுஅசலாக இதைத்தான். இங்கே அது தடுக்கப்படவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் கடனுக்கு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில். காப்பீடு, சட்டக் கருத்து மாதிரி மூன்றாம் ஆளுக்காக வசூலிக்கும் தொகையையும் சேர்த்து ஆண்டுச் செலவு விகிதம் போட வேண்டும், அதில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. தமிழில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும்.

அபராத வட்டியும் இதே ரகம்தான். தவணை தவறினால் வட்டிக்கு மேல் வட்டி போட்டு அதையும் அசலோடு சேர்க்கும் பழக்கத்தை 2023 ஆகஸ்டில் வந்த விதி நிறுத்தியது, 2024 ஏப்ரலிலிருந்து புதுக் கடன்களுக்கு அபராதக் கட்டணம் மட்டும்தான், அதன் மேல் வட்டி ஏறாது. கடன் முடிந்து முப்பது நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் கடன் கொடுத்தவர் பக்கம் என்றால், நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து. தாய்ப் பத்திரம் எங்கேயோ குடோனில் இருக்கிறது, வந்துவிடும் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த காலம் நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் என்ற முறைக்கு மதராஸ் பழைய வீடு. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே கல்கத்தா, மதராஸ், பம்பாய் என்று ஊர்ப்பெயர் போட்டு இதற்கு அனுமதி இருக்கிறது.

நல்ல எண்ணத்தில் போட்ட விதியும் ஆளை வேறு பக்கம் தள்ளும். வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்ற வரம்பைப் பாருங்கள்: கடன் 30 லட்சம் வரை 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. முத்திரைத்தாள், பதிவுச் செலவை மதிப்பில் சேர்க்கக் கூடாது, ரொம்ப விலை குறைந்த வீடுகளுக்கு மட்டும் விலக்கு. சென்னையில் மறுவிற்பனைக்கு வந்த ஃப்ளாட் 40 லட்சம் என்றால் அதிகபட்சம் 32 லட்சம் கடன். மிச்சம் 8 லட்சம். அதற்கு மேல் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் 3.6 லட்சம். ஆக 11.6 லட்சம் கையில் வேண்டும், உள் வேலை, கார் பார்க்கிங் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவின் நகை அடகுக்குப் போகும், பெர்சனல் லோன் வரும், சீட்டு எடுப்பார்கள், மிஞ்சினால் மூணு வட்டி. வங்கியின் புத்தகத்தில் கடன் பத்திரமாக இருக்கிறது, குடும்பத்தின் மொத்தக் கடன் அந்தப் புத்தகத்தில் தெரிவதில்லை. இதற்காக வரம்பை எடுத்துவிடச் சொல்லவில்லை, 2008இல் அமெரிக்காவில் பார்த்ததுபோல வீட்டு விலையைவிடக் கடன் பெரிதாக நிற்கும் நிலை இங்கே பரவலாக வராமல் இருப்பதில் இந்த வரம்புக்குப் பங்கு உண்டு. விலை என்ன, யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்துத் தராசையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சம். கடன் கொடுத்தவருக்குச் சாதகமான சட்டமும் வட்டியைப் பாதிக்கும். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, வங்கி கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வரக் காத்திருக்காமல் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். கடன்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளில் போகலாம். முதலில் 75 சதவீதப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் முறையிடலாம் என்று இருந்ததை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டுக் கடன் வட்டி பெர்சனல் லோன் வட்டியைவிட இவ்வளவு குறைவாக இருப்பதற்கு, வீட்டை எடுக்க முடியும் என்ற நிச்சயம் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் வீட்டை எடுக்கக் கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டிய மாநிலங்களில் கடன் தொகை 3 முதல் 7 சதவீதம் சிறிதாக இருக்கிறது என்று ஒரு ஆய்வு கண்டது. பாதுகாப்புக்கு விலை உண்டு, ஆனால் அது வானத்தை முட்டும் விலை இல்லை என்றும் அந்த எண்ணைப் படிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வங்கிக் கதவுக்கு உள்ளே நிற்பவர்களின் கதை. கதவுக்கு வெளியே வேறு உலகம். இங்கே கடன் வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவது கடன் பத்திரத்திலேயே இல்லை. 40 லட்சம் பெறும் வீட்டின் மேல் 10 லட்சம் கடன், அதற்கு அடமானப் பத்திரம் எழுதுவதற்குப் பதில் ரிஜிஸ்டர் ஆபீசில் நேரடியாகக் கிரையமே எழுதி வாங்கிக்கொள்வார்கள். "வருஷத்துக்குள்ள பணத்தைக் குடுண்ணே, திருப்பி எழுதித் தந்துடுறேன், இது சும்மா ஒரு நம்பிக்கைக்கு." சிலர் பவர் வாங்குவார்கள், சிலர் முன்பணம் பெற்றதாகக் கிரைய ஒப்பந்தம் போடுவார்கள், கூடவே வெற்றுப் புரோநோட்டும் தேதி போடாத செக்கும்.

சட்டத்தில் இதற்கு என்ன இடம்? அடமானம் என்றால் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை கடன்காரருக்கு எப்போதும் உண்டு, அதை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது. நிபந்தனைக் கிரயமும் அடமானமாகக் கருதப்படும். ஆனால் 1929இல் சேர்த்த ஒரு திருத்தத்தின்படி, திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அந்தக் கிரையப் பத்திரத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். தனித் தாளில் எழுதியிருந்தால், வாய்ச்சொல்லாக இருந்தால், அது அடமானம் ஆகாது. வட்டிக்கு விடுகிறவர்களுக்கும் அவர்களுடைய பத்திர எழுத்தர்களுக்கும் இந்த வரி அத்துப்படி, அதனால்தான் பத்திரத்துக்குள் ஒரு வார்த்தை வராது. பத்திரமே பேருக்கு எழுதியது, உண்மையில் விற்கவில்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க வழி இருக்கிறது, ஆனால் நிரூபிக்கும் பாரம் முழுக்க வீட்டை இழந்தவர் மேல்.

2003இல் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்தில் எழுதி, மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் என்றது. இது வட்டி விகிதத்தை நேரடியாகப் பிடிக்கும் சட்டம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மூணு வட்டி, அஞ்சு வட்டி புழக்கத்தில் இருப்பதே அதன் எல்லையைக் காட்டுகிறது. வட்டி புரோநோட்டில் எழுதப்படுவதில்லை, கடன் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிறார்கள். ஆபத்து கூடினதால் வட்டியும் கூடியதோ என்னவோ. மாற்றுக் கடன் கிடைக்கும் இடத்தில் வட்டி வரம்பு வேலை செய்யும், மாற்றே இல்லாத ஆளுக்கு அது கடனை இருட்டுக்குள் தள்ளுகிறது.

இரண்டு உலகத்துக்கும் நடுவில் ஒரு கூட்டம் வளர்ந்துகொண்டிருக்கிறது: வீட்டை அடமானம் வைத்து வியாபாரத்துக்கோ மருத்துவத்துக்கோ கல்யாணத்துக்கோ கடன் கொடுக்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்கள். வட்டி வங்கியைவிட மிக அதிகம், கந்துவட்டியைவிடக் குறைவு. இவற்றின் வட்டியை மாநிலச் சட்டத்தால் பிடிக்கலாமா என்ற கேள்விக்கு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களுக்கு கேரளா, குஜராத் மாநிலங்களின் லேவாதேவிச் சட்டங்கள் பொருந்தாது, முழுக் கட்டுப்பாடும் ரிசர்வ் வங்கியுடையது. 2004இல் அமெரிக்காவில் மாநிலங்களை ஓரங்கட்டிய அதே தர்க்கம். ஒரே நாட்டில் ஒரே விதி இருந்தால் கடன் மலிவாகும் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் ரிசர்வ் வங்கி இவற்றுக்கு வட்டி உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை, நியாயமாக, வெளிப்படையாக வட்டி வையுங்கள் என்கிறது. தாம்பரத்தில் கடை வைத்திருப்பவர் இப்படி ஒரு நிறுவனத்தில் 18 சதவீதத்தில் வீட்டை வைத்துக் கடன் வாங்கினால், அவருக்கு இருக்கும் ஆயுதங்கள் விவரத் தாள், அபராத வட்டித் தடை, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஒரு புகார். தனிநபர் ஒருவர் மாறும் வட்டியில் வாங்கிய கடன் என்றால், அது வியாபாரத்துக்கு வாங்கியதாக இல்லாதவரை, 2014இலிருந்து வங்கிகளுக்கும் பிறகு நிதி நிறுவனங்களுக்கும் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கிடையாது. வியாபாரக் கடன் என்று விண்ணப்பத்தில் ஒரு டிக் விழுந்துவிட்டால் அந்தச் சலுகை பறிபோகும் என்பதால், விண்ணப்பத்தை நிரப்பும் ஏஜென்ட் எங்கே டிக் போடுகிறார் என்று பார்ப்பது வட்டியைப் பேரம் பேசுவதைவிட முக்கியமாக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அனுமதியாகும் கடன்களில் தனிநபர்களின் வியாபாரக் கடனுக்கும் பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் வாங்கினவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வேறு வங்கியிடம் பேசப் போக வேண்டும்.